நம் கடலில் இல்லாத சேறு

நேற்று கோயிலில் உன் கல்யாணத்துக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். உன் பெயர், உன் அப்பா பெயர், என் பெயர், பிறகு ரெஜினா வீட்டார் பெயர்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லி முடித்ததும் ஒரு சிறு நிசப்தம் வரும், தெரியும் இல்லையா. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது நீ ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டேன். உன் கல்யாணத்துக்கு நான் தடை சொல்லமாட்டேன். அதற்காகப் பார்த்தாய் என்றால் பயப்படாதே. ஆனால் நீ பயந்தது வேறு ஒன்றுக்கு. அது எனக்குத் தெரியும்.

மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு. அதற்கு முன்னால் வியாழக்கிழமை வருகிறது. திருவொற்றியூரில் கருத்துக்கேட்புக் கூட்டம். அதுவும் ஒரு கல்யாண மண்டபத்தில்தான். துறைமுகத்தில் வாருகிற சேற்றைக் கடலில் எங்கே கொட்டலாம் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்ட அறிக்கையை அங்கே வாசிப்பார்கள். வாசித்துவிட்டு, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்பார்கள். அங்கேயும் ஒரு நிசப்தம் வரும்.

அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும். போனில் சொல்லலாம். சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் யார் எடுத்துப் படித்தாலும் சரி. எல்லோர் முன்னாலும் சொல்லப்போவதுதான்.

உன்னை நான் சேற்றோடு வளர்த்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் கல்லூரிக்கு வந்துவிடுவாய். கடலடியிலிருந்து எடுத்த மண் அங்கே கண்ணாடிக் குடுவைகளில் தெளிந்துகொண்டிருக்கும். நான் சல்லடையில் ஊற்றிக் கழுவுவேன். நீ பக்கத்தில் நின்று பெயர் வைப்பாய். சல்லடையில் நிற்கிற மணல், ரவை. அதில் நிற்காமல் கலங்கலாகப் போய்க் குடுவையில் சீக்கிரம் படிகிற வண்டல், கோதுமை மாவு. படியவே படியாமல் மறுநாளும் தண்ணீரைக் கலக்கி வைத்திருக்கும் களி, மைதா. மாணவர்களுக்கு நான் பாடப்புத்தகச் சொல்லைச் சொன்னேன். நீ வைத்த பெயர்தான் அவர்களுக்கு நினைவில் நின்றது.

வண்டலையும் களியையும் விரலால் பிரிக்க முடியாது. பல்லால் முடியும். முன்பல்லுக்கு நடுவே துளி வைத்துக் கடித்தால் வண்டல் நறநறக்கும், களி வழுக்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். அன்று உன் அப்பா என்னை அழைத்துப்போக வந்திருந்தார். துறைமுகத்தில் தூர்வாரும் கப்பலில் வேலை செய்த மனுஷன், சேற்றைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னாம்மே இது, புள்ளைய சேறு துன்ன வெச்சிகினு கீறே?"

"துன்னல. பாக்குறான்."

"பல்லாலயா பாப்பாங்கோ? கண்ணு இன்னாத்துக்குக் கீது?"

நீ வாயைத் துடைக்காமல் சொன்னாய். "நைனா, இது வண்டலு நைனா. நறநறன்னுது."

அவர் சிரித்துவிட்டார். "கப்பல்ல நான் வாருறேன். காலேஜ்ல இவ கழுவுறா. நீயாவது வெள்ளச் சட்ட போட்டுகினு ஆபீசுக்குப் போடா மாமு."

போனாய். வெள்ளைச் சட்டையில் உன்னைப் பார்க்க அவர் இல்லை. முதல் நாள் உன் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டேன். கடலாய்வு செய்யும் கம்பெனி என்றாய். எனக்கு வேறு என்ன வேண்டும். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். என் பிள்ளைக்கும் சேறுதான் சோறு போடப்போகிறது என்று சிரித்தேன். இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது நமக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கடல் வற்றிவிட்டது. நாம் இருவரும் ராயபுரத்திலிருந்து கிழக்கே நடக்கிறோம். காலுக்கு என்ன படுகிறது என்று நான் கேட்பேன்.

"மணலு."

"எந்த மாதிரி மணலு?"

"ரவை. கறுப்புக் கோடு போட்ட ரவை."

அது அலை புரட்டுகிற இடம். மெல்லியது எதுவும் அங்கே தங்காது. நடக்க நடக்க மணல் பொடியாகும். அலையின் கை தரைக்கு எட்டாத ஆழம் வந்ததும் வண்டல் படியத் தொடங்கும். பிறகு களி. "இப்போ?" என்றால் "கூழும்மா, முட்டி வரைக்கும் கூழு" என்று பஸ் சீட்டிலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பாய். அதோடு முடிந்தது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நீ நினைக்கமாட்டாய். வெகுதூரம் போனால் மறுபடி மணல் வரும் என்று உனக்குத் தெரியும். சிப்பி உடைந்து மஞ்சளேறிய பழைய மணல். எத்தனையோ காலத்துக்கு முன் கடல் பின்வாங்கி நின்றபோது கரை அங்கேதான் இருந்தது. இன்றைய ஆறுகளின் சேறு அவ்வளவு தூரம் போய் அதை மூடவில்லை. "கடலுக்குள்ள ஒரு பீச்சு" என்பாய். அந்த இடம் வந்ததும் இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிடும்.

கிழக்கே மட்டும் நடந்தால் போதாது என்றும் சொல்லியிருக்கிறேன். வடக்கேயும் நடக்க வேண்டும். துறைமுகச் சுவருக்கு உட்பக்கம், தண்ணீர் அசையாத இடத்தில், சேறு தயிர் மாதிரி நிற்கும். சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைப் பிடித்துக்கொள்வதால் அதற்கு வடக்கே கரை மெலிந்துகொண்டே போகும். நாம் பார்த்த தெருக்களே சில இப்போது அலைதடுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் கிடக்கின்றன. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே சேறு கறுக்கும். அதை நுண்ணோக்கியில் வைத்தால் அனல்மின் நிலையச் சாம்பலின் கண்ணாடி உருண்டைகள் தெரியும். முதல் தடவை பார்த்துவிட்டு நீ முத்து என்றாய். நான் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் முத்தாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் மேலே பருவம். கார்த்திகை மழைக்குப் பிறகு ஆறுகள் கொண்டுவந்த புதுச்சேறு சில இடங்களில் திட்டுத் திட்டாகப் படியும். சித்திரையில் தெற்கத்தி அலை வந்து அதில் பாதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு பிடி சேறு எடுத்தால் எந்த இடம், எவ்வளவு ஆழம், எந்த மாதம் என்று எழுதச் சொன்னேன். எழுதாத சேறு வெறும் அழுக்கு. இதைச் சொல்லி உன் காதைத் திருகியிருக்கிறேன். மணல், வண்டல், களி என்று பிரிப்பதுதான் நம் வேலை. வேறு வேலை நமக்கு இல்லை.

போன மழைக்காலம் முடிந்ததும் நீ வந்தாய். கல்லூரியின் பழைய கிராப் வேண்டும் என்றாய். கயிற்றில் இறக்கினால் தரையைத் தொட்டதும் இரண்டு தாடையும் மூடிக்கொண்டு ஒரு வாய் மண்ணைக் கவ்விவரும் அந்த இரும்புப் பெட்டி. அதோடு தேசிங்கு அண்ணனிடம் சொல்லச் சொன்னாய். நான் சொன்னால்தான் அவர் கூட்டிப்போவார் என்று உனக்குத் தெரியும். திருவொற்றியூர் குப்பத்து மனிதர். என் ஆய்வுக்கெல்லாம் அவர் ஃபைபர் படகுதான். உன் அப்பாவின் பெட்டியைக் கல்லறைவரை தூக்கியவர்களில் ஒருவர்.

"நீ சொன்னா போதும் டீச்சரம்மா," என்றார். "ஆனா ஒண்ணு. அந்த எறா தரைய நாங்க காசிமேட்டாளுங்களுக்கே காட்டினது இல்ல." இறால் வளர்கிற சேற்றுத் தரையைச் சொன்னார்.

"என் புள்ள சரியா எழுதுவான் அண்ணே. எழுதி வெச்சாதான் அதும்மேல யாரும் எதையும் கொட்டமாட்டாங்கோ."

இந்த வாக்கு என்னுடையது. உன் பேரில் கொடுத்தேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய்.

காலையில் கிளம்பினோம். என்னையும் ஏற்றிக்கொண்டார். அவருக்கு ஜிபிஎஸ் கருவி இருக்கிறது, ஆனாலும் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோயில் கோபுரமும் ஒரு புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்ததும் இஞ்சினை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, கண்ணாலமாமே? பொண்ணு எறா துன்னுமா?"

"ஓடோட துன்னும் அண்ணே."

"அப்ப நம்மூட்டுப் பொண்ணுதான். போடு கிராப்ப."

மேலே வந்த தாடையைத் திறந்ததும் அது தட்டில் சரிந்து படர்ந்தது. மேலே பழுப்பு, உள்ளே சாம்பல் பச்சை. ஊசி நுழைந்த மாதிரி துளைகள். ஒரு புழு. நகக்கண் அளவுக்கு ஒரு இறால், கண்ணாடி மாதிரி, துள்ளிக்கொண்டு. தேசிங்கு அண்ணன் அதை எடுத்து மறுபடி தண்ணீரில் விட்டார். நீ துளி எடுத்து முன்பல்லில் வைத்தாய். கண்ணை மூடினாய். "மைதாம்மா," என்றாய். "சுத்தமான மைதா." எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். எனக்கு இது போதும் என்று நினைத்தேன்.

கரைப்பக்கம் எடுத்ததில் மணல். முகத்துவாரத்துப் பக்கம் கறுப்பு. அவற்றையும் கடித்துப் பார்த்தாய், துப்பினாய், பெயர் சொன்னாய். நான் பழக்கியபடி ஒவ்வொன்றையும் இரண்டாக்கினாய். பாதி சோதனைக்கு, பாதி இருப்புக்கு. பைகள் மேல் இடம், ஆழம், மாதம். உன் கோணல் எழுத்து. இருப்புப் பாதியைக் கம்பெனியில் வைக்க இடமில்லை என்று நம் வீட்டுப் பின்கட்டுப் பழைய ஃபிரிட்ஜில் அடுக்கினாய்.

பிறகு பல மாதம் அதைப் பற்றிப் பேச்சில்லை. நிச்சயதார்த்தம் வந்தது. புடவை எடுக்கப் போனோம். கல்யாணம் முடிந்ததும் உனக்குக் கம்பெனியில் பெரிய நாற்காலி என்றாய். எந்த வேலைக்கு அந்த நாற்காலி என்று நான் கேட்கவில்லை.

தேசிங்கு அண்ணன் வீட்டுக்கு வந்தால் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு டீ கேட்பார். அன்று நின்றார். கையில் கூட்டத்துக்காகக் குப்பத்தில் கொடுத்த தமிழ்ச் சுருக்கம்.

"இத படிச்சி சொல்லு டீச்சரம்மா. எனக்குக் கண்ணு சரியா தெரியல."

அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். என் வாயால் கேட்க வந்திருந்தார். படித்தேன். ஆய்வுப் பகுதி முழுவதும் கடலடித் தரை மணல் கலந்த சேறாக ஒரே தன்மையுடன் உள்ளது. தனித்த வாழிடம் எதுவும் காணப்படவில்லை.

"ஒரே தன்மைன்னா?"

"எல்லா எடமும் ஒண்ணுதான்னு."

"எறா தரை?"

"அதுவும்."

படத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது. வாரிய சேற்றைக் கொட்ட உகந்த இடம். அவர் விரல் வைத்தார். கோபுரமும் புகைபோக்கியும் ஒரே கோட்டில் வருகிற இடம்.

"தரைய காட்டினவன் நானு. கட்டம் போட்டது உம்புள்ள," என்றார். "குப்பத்துல கேக்குறானுங்கோ, ஏன்டா காட்டினேன்னு. நான் இன்னா சொல்றது? டீச்சரம்மா சொல்லிச்சின்னு சொன்னேன்."

டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மீன் வாங்கப் போனேன். அவர் மனைவி கஸ்தூரி தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நாலு பேர் கேட்கச் சொன்னாள். "டீச்சரு, புள்ள கண்ணாலத்துக்கு எறா பிரியாணியா? இப்பவே வாங்கி வெச்சிக்கோ. பொறவு கெடைக்காது." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி அங்கிருந்து நகர்வது.

முழு அறிக்கையையும் வாங்கிப் பார்த்தேன். உன் வரைபடங்களைப் பார்த்தேன். ஒரே இடத்துச் சேற்றில் துகள்களின் அளவை வரைந்தால் கோடு ஒரு மேடாக எழுந்து இறங்கும். உன் கோடுகளில் இரண்டு மேடு. ரவைக்கு ஒன்று, மைதாவுக்கு ஒன்று, நடுவே பள்ளம். ஒன்றோடொன்று பேசாத இரண்டு பேரைப் பிடித்து ஒரே படத்தில் நிற்க வைத்த மாதிரி. எல்லாக் கோட்டிலும் அதே இரண்டு மேடு. நம் கடலில் எங்கே கால் வைத்தாலும் இப்படி ஒரு சேறு கிடையாது. பஸ்ஸில் எத்தனை தடவை நடந்திருக்கிறோம்.

முதல் ஓலை வாசித்த அன்று மதியம் நீ சாப்பிட வந்தாய். பரிமாறிக்கொண்டே கேட்டேன்.

"கலந்தியா?"

"இன்னாது?"

"வேற வேற எடத்து சேத்த ஒண்ணா கலந்தியான்னு கேட்டேன்."

"காம்போசிட்மா. எல்லாக் கம்பெனிலயும் பண்றதுதான். லேப்ல தனித்தனியா ஓட்ட டைம் இல்லன்னுட்டாங்கோ."

"எறா தரைய எதோட கலந்தே?"

நீ சோற்றைப் பிசைந்தாய்.

"கேக்குறேன்ல."

"கரையோர மணலோட."

"யாரு கலக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. ரிசல்ட்டு சிம்பிளா இருக்கட்டும்னாரு மேனேஜரு. நான் புரிஞ்சிகினேன்."

புரிஞ்சிகினேன். அந்தச் சொல்தான் எனக்குள் இறங்கியது. யாராவது மிரட்டியிருந்தால் அவரைத் திட்டியிருப்பேன். தெரியாமல் செய்திருந்தால் என் பாடத்தைத் திட்டியிருப்பேன். நீ புரிந்துகொண்டாய். எதை எதோடு கலந்தால் எது காணாமல் போகும் என்று உனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதை யாரிடம் கற்றாய்?

"ஏம்மா, நான் ஒருத்தன் பிரிச்சி எழுதினா நின்னுடுமா? இன்னொருத்தன் எழுதுவான். எனக்கு அந்த சேர் போயிடும். ரெஜினா வூட்ல இன்னா சொல்லுவாங்கோ?" என்றாய். கை கழுவும்போது முதுகைக் காட்டியபடி சொன்னாய். "அந்த ஃபிரிட்ஜில கீற பைங்கள தூக்கிப் போட்டுடும்மா. சும்மா நாறிகினு கெடக்கும்."

நாறவில்லை. நீ போனதும் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பையும் கட்டியபடி இருந்தது. உன் எழுத்து ஈரத்தில் கொஞ்சம்கூடக் கலையவில்லை.

கலப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே வகைத் தரையில் நாலு இடத்தில் எடுத்ததை நானும் கலந்திருக்கிறேன். வேறு வேறு தரையைக் கலந்தால் வருவது இரண்டுமே இல்லாத ஒன்று. அதற்கு ஒரு எண் கிடைக்கும், கோடு கிடைக்கும், கையெழுத்தும் போடலாம். அதில் புழு இருக்காது. அந்தக் கண்ணாடி இறால் அதில் ஒரு நாள்கூட உயிரோடு இருக்க முடியாது.

கல்யாணத்துக்குமுன் புத்தி சொல்வது தாயின் வேலை என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உன் அப்பாவிடமிருந்து எடுத்தது. வேலை முடிந்து வரும்போது அவர் முகம் சில நாள் கடுத்திருக்கும். நான் என்ன என்று கேட்டால் வாசலில் நின்றபடியே பிரித்துச் சொல்வார். "ஒடம்பு வலி. அது வேற. கேப்டனாண்ட சண்டை. அது வேற. உன் மேல ஒரு கோவம் கீது, அது துன்னுட்டு சொல்றேன்." எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் எதற்காக இந்த மனுஷன் இப்படி இருக்கிறார் என்று நான் ஒரு நாளும் யோசித்துக் கிடந்ததில்லை. ரெஜினாவிடம் அப்படி இரு. பயத்தையும் ஆசையையும் கலந்து அதற்குக் குடும்பம் என்று பெயர் வைக்காதே. அவள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நீயாகவே புரிந்துகொண்டு எதையும் செய்யாதே. அவளைக் கேள். இந்த அறிக்கை விஷயம் அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். வியாழக்கிழமைக்கு முன் உன் வாயால் தெரியட்டும்.

இன்னொன்று. கலந்துவிடுவதாக இருந்தால் இருப்புப் பாதியை ஏன் எடுத்து வைத்தாய்? கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. படகில் வரும்போது கலக்கும் எண்ணம் இல்லை என்பாய். சரி. கலந்த பிறகு இத்தனை மாதம் ஏன் விட்டு வைத்தாய்? ஞாயிறுதோறும் சாப்பிட வந்தாய், ஒரு தடவை பின்கட்டுக்குப் போய்த் தூக்கிப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வேலையை எனக்கு வைத்தாய். உன் கையால் முடியாததை என் கையால் செய்யச் சொன்னாய். சில நேரம் வேறு மாதிரியும் தோன்றுகிறது. அம்மா போடமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னானோ என்று. அதைப் பிடித்துக்கொண்டு உன்னை மன்னித்துவிட ஆசையாக இருக்கிறது. மன்னிக்கவில்லை. ஆசை வேறு, அது வேறு.

தேசிங்கு அண்ணன் குப்பத்தில் என் பெயரைச் சொல்லித்தான் தப்பிக்கப் பார்த்தார். என் பெயர் அவருக்கு உதவவில்லை. நீயும் என் பெயரைச் சொல்லித்தான் அவர் படகில் ஏறினாய். உனக்கு உதவியது. இது என்னைத் தூங்கவிடவில்லை. நீ என்னை ஏமாற்றினாய் என்று சொன்னால் போதவில்லை. என்னை வைத்து ஏமாற்றினாய்.

வியாழக்கிழமை நான் அந்தப் பைகளை எடுத்துப்போகிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் என்று கேட்டதும் எழுந்து நிற்பேன். மேடையில் இருக்கும் அதிகாரியிடம், இது கரையோர மணல், இது முகத்துவாரத்துக் கறுப்பு, இது இறால் தரை, மூன்றும் அறிக்கை எழுதியவர் ஒரே நாளில் எடுத்தவை, எழுத்து அவருடையது என்று சொல்வேன். தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்பேன். அவர் யார் என்று கேட்டால் என் மகன் என்பேன். நம்பிக்கை வராவிட்டால் முன்பல்லில் துளி வைத்துப் பார்க்கச் சொல்வேன். சிரிப்பார்கள். கஸ்தூரி சிரித்தபோது நின்றவள்தானே.

உன் நாற்காலி போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஓலையில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை வாசித்தபோது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்றும் நினைத்தேன். மகன் சோற்றில் மண் போட்டவள் என்பார்கள். சொல்லட்டும். மூன்றாம் ஓலைக்கு நான் வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். கல்யாணத்தன்று எடுத்துவைத்த புடவையைத்தான் கட்டுவேன். நீ வரவேண்டாம் என்று சொன்னால் கடைசி பெஞ்சில் உட்காருவேன்.

நீ இதற்குள் வந்து பைகளை எடுத்துப்போய்க் கொட்டிவிடலாம் என்று நினைத்தால், கதவு திறந்துதான் இருக்கும். தடுக்கமாட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய். தடுப்பேன்.

நேற்று மாலை கஸ்தூரியிடம் போய் மீன்கூடை ஒன்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கழுவிக் கொடுத்தாள். பைகளை அடுக்கிப் பார்த்தேன். ஈரச் சேறு இவ்வளவு கனக்கும் என்று மறந்துபோயிருந்தேன். தேசிங்கு அண்ணன் ஒரு பக்கம் பிடிக்க வருவார், நான் கேட்டால். இன்னும் கேட்கவில்லை. வியாழக்கிழமை காலை பூசை முடிந்து வந்ததும் கிளம்புவேன். அதுவரை கூடையின் மறுபிடியை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

அம்மா